சாலைக்கும் ஓர் உரிமை உண்டு: தீவுத்திடல் கார் பந்தயத்துக்குப் புறப்படும் நம் இளைஞர்களுக்கு



2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய இரு நாள்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளில் ஃபார்முலா 4 கார் பந்தயம் நடக்கவிருக்கிறது. சுமார் மூன்றரை கிலோமீட்டர் நீளம், 19 வளைவுகள், இரவு விளக்குகளின் ஒளியில் ஓட்டம். இந்தியாவில் நகரச் சாலையில் நடக்கும் முதல் இரவுப் பந்தயம் இது என்று விளம்பரம் செய்கிறார்கள். நம் செஞ்சி மஹல்லாவின் இளைஞர்களிடமும் பல நாள்களாக இதே பேச்சு. வேன் பேசி முன்பணம் கொடுத்தாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் இதற்கென்று தனிக் குழு தொடங்கியாகிவிட்டது. எந்த மாடத்தில் அமர்வது, எந்த வாயிலில் நுழைவது, திரும்பும் வழியில் எந்த ஊரில் பிரியாணி என்பது வரை திட்டம் தயாராக இருக்கிறது.

அந்தத் திட்டத்தை நாம் முழுமையாகக் கேட்டறிந்தோம். மஃக்ரிப் எங்கே, இஷா எங்கே என்பதற்கு அதில் ஒரு வரி கூட இல்லை. நள்ளிரவில் 150 கிலோமீட்டர் வேன் ஓட்டி வரப்போகிற ஓட்டுநர் எப்போது உறங்குவார் என்பதற்கும் ஒரு வரி இல்லை. ஆனால் யார் வெற்றி பெறுவார் என்று ஆளுக்கு 200 ரூபாய் கட்டும் ஏற்பாடு மட்டும் தெளிவாக இருக்கிறது.

இதைக் கேட்டதும் சில பெரியவர்கள் ‘ஹராம்’ என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிட்டார்கள். இளைஞர்களோ ‘எல்லாவற்றையும் ஹராம் என்பதே இவர்கள் வேலை’ என்று நகைத்துவிட்டுப் போனார்கள். இரு சாராரும் சிந்திக்கவில்லை. ஆதாரமின்றி ஒன்றை ஹராமாக்குவது அல்லாஹ்வின் அதிகாரத்தில் கை வைப்பதாகும். ஹராம் என்று சொல்லப்படாத எதையும் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம் என்பது நஃப்ஸின் வாதமாகும். இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று நாம் சொல்வது இதுதான்: வேகமும் போட்டியும் மார்க்கத்துக்குப் பகையல்ல. மக்கள் நடக்கும் சாலையைப் பந்தயத் திடலாகக் காணக் கண்ணைப் பழக்குவதே பகை. ஆகவே இந்தப் பயணத்தை நாம் எதிர்க்கிறோம்.

‘நபியவர்களே பந்தயம் நடத்தினார்களே!’

இளைஞர்கள் முதலில் எடுத்து வைக்கும் வாதம் இது. வாதம் உண்மைதான். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். மெலிய வைத்துப் பயிற்றுவிக்கப்பட்ட குதிரைகளை ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதாஉ வரையும், பயிற்றுவிக்கப்படாத குதிரைகளை ஸனிய்யத்துல் வதாஉவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையும் ஓடச் செய்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபியவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடியதையும் நாம் அறிவோம். நபியவர்களின் அள்பா என்னும் ஒட்டகத்தை ஒரு கிராமவாசியின் ஒட்டகம் முந்தியபோது தோழர்கள் வருந்தினார்கள். நபியவர்களோ, இவ்வுலகில் உயர்ந்த எதையும் தாழ்த்துவது அல்லாஹ் தன்மீது ஏற்றுக்கொண்ட நியதி என்ற கருத்தில் அவர்களைத் தேற்றினார்கள். தோற்பதையும் கற்றுக்கொடுத்த மார்க்கம் இது.

ஆனால் அந்த ஹதீஸைப் பாதியில் நிறுத்தாமல் முழுவதும் படியுங்கள். பயிற்சி பெற்ற குதிரைக்கு ஏறத்தாழ ஐந்தாறு மைல் தூரம். பயிற்சி பெறாத குதிரைக்கு ஒரு மைல். ஆற்றலுக்கு ஏற்ப அளவு. தொடங்கும் இடமும் முடியும் இடமும் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தன. போட்டியின் நோக்கம் குதிரையையும் வீரனையும் ஆயத்தப்படுத்துவது. பரிசுப் பொருளுக்கும் நம் ஃபிக்ஹு நூல்கள் வரம்பு வகுத்திருக்கின்றன. பரிசை மூன்றாம் ஆள் தரலாம். போட்டியிடுவோரில் ஒருவர் மட்டும் தரலாம். இருவரும் பணம் வைத்து, வென்றவர் அள்ளிக்கொள்வது மைஸிர், அதாவது சூது. போட்டியிடுவோருக்கே நிலை இதுவென்றால், மாடத்தில் அமர்ந்து பார்ப்பவர்கள் ஆளுக்கு 200 ரூபாய் கட்டி, ஊகம் பலித்தவர் எடுத்துக்கொள்வதற்கு என்ன பெயர்? ‘பணமாக இல்லை, தோற்றவர் பிரியாணி வாங்கித் தர வேண்டும்’ என்று மாற்றினால் பெயர் மாறிவிடுமா?

குதிரைப் பந்தயத்தைத் திறமைக்குரிய ஆட்டம் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததைச் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அது நாட்டின் சட்டம் பற்றிய தீர்ப்பு. சட்டம் தண்டிக்காத அனைத்தையும் மார்க்கம் அனுமதித்துவிட்டது என்று பொருளல்ல. வட்டிக்கும் இந்த நாட்டில் சட்டம் அனுமதி தருகிறது. அதனால் அது நமக்கு ஹலாலாகிவிட்டதா?

‘சவூதியிலேயே நடக்கிறதே!’

அடுத்த வாதம் இது. ஜித்தா நகரின் கடற்கரைச் சாலையில் 2021 முதல் ஃபார்முலா 1 பந்தயம் நடக்கிறது, பஹ்ரைனில் 2004 முதலே நடக்கிறது, அங்குள்ள முஸ்லிம்கள் பார்க்கவில்லையா என்று கேட்கிறார்கள்.

ஓர் அரசின் செயல் ஷரீஅத்தில் ஆதாரமாகாது. குர்ஆன், ஸுன்னா, இஜ்மாஉ, கியாஸ் என்ற நான்கில் ‘இன்ன நாட்டில் நடக்கிறது’ என்ற ஐந்தாவது ஒன்றை நம் இமாம்கள் எவரும் சேர்க்கவில்லை. ஆயினும் அந்த நாடுகளையே எடுத்துக்காட்டுவதானால், அங்கு நடந்ததை முழுவதுமாக எடுத்துக்காட்டுங்கள். 2024-ஆம் ஆண்டு ரமழான் மார்ச் மாதத்தில் வந்தது. அதை முன்னிட்டு, வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பந்தயத்தை பஹ்ரைனிலும் ஜித்தாவிலும் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். வெற்றி மேடையில் பிற நாடுகளில் பீய்ச்சப்படும் மது, பஹ்ரைன் மேடைக்கு வருவதில்லை. பன்னீர் கலந்த பானமே வருகிறது. உலகம் முழுவதற்குமான அட்டவணையையே ஒரு நாள் நகர்த்த முடிகிறது. செஞ்சியிலிருந்து புறப்படும் ஒரு வேனின் அட்டவணையில் மஃக்ரிபுக்குக் கால் மணி நேரம் ஒதுக்க முடியவில்லையா?

தொழுகை பற்றி இன்னும் சற்று விளக்கமாகச் சொல்வோம். ஆகஸ்ட் மாத இறுதியில் சென்னையில் மாலை ஆறரை மணிக்குள் மஃக்ரிப் நேரம் தொடங்கிவிடும். ஏழரை மணியளவில் இஷா. இரவுப் பந்தயம் என்பதால் ஆட்டத்தின் உச்சக் கட்டமும் இந்த நேரத்தில்தான். ‘நாம் முஸாஃபிர்கள், கஸ்ரும் ஜம்உம் நமக்கு உண்டு’ என்று ஒரு தம்பி வாதிட்டார். நான்கு ரக்அத் தொழுகைகளைச் சுருக்கும் கஸ்ருக்குரிய தூரம் இது என்பது சரியே. ஆனால் மஃக்ரிபுக்குக் கஸ்ர் கிடையாது. அது பயணத்திலும் மூன்று ரக்அத்துதான். இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவதோ, நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர வேறெங்கும் இல்லை. ஷாஃபி மத்ஹபில் பயணிக்கு அச்சலுகை உண்டு. அதற்கும் நிய்யத்தும் நிபந்தனைகளும் உண்டு. பயணத்தின் சிரமத்தை நீக்க அல்லாஹ் தந்த சலுகையை, கார் ஓட்டத்தின் ஒரு சுற்றைத் தவறவிடாமலிருக்க எடுத்துப் பயன்படுத்துவது நன்றியுள்ள அடியானின் பண்பாகுமா? தீவுத்திடலுக்கு அண்மையில் திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அங்கே பாங்கு ஒலிக்கிறது. என்ஜின் இரைச்சலில் அது காதில் விழாமல் போகலாம். விழவில்லை என்பதால் கடமை நீங்கிவிடாது.

சாலை யாருடையது?

இனி நம் எதிர்ப்பின் மையத்துக்கு வருவோம்.

சாலையோரங்களில் அமர்வதைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம் கூறினார்கள். ‘எங்களுக்கு வேறு இடமில்லையே’ என்று அவர்கள் முறையிட்டபோது, அப்படியானால் சாலைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். அந்த உரிமை என்னவென்று கேட்கப்பட்டது. பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் துன்பம் தராமலிருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது என்று விளக்கினார்கள். சாலையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்றார்கள். பாதையில் கிடந்த முட்கிளையை அப்புறப்படுத்திய ஒரு மனிதரின் பாவங்களை அல்லாஹ் மன்னித்தான் என்றும் அறிவித்தார்கள். உலக வரலாற்றில் சாலைக்கும் உரிமை உண்டு, அதைக் கொடுப்பது வணக்கம் என்று போதித்த மார்க்கம் நம்முடையது. முள்ளை அகற்றினால் மன்னிப்பு என்றால், சாலையையே அடைத்துவிடுவதை எந்தத் தராசில் நிறுப்பது?

இப்பந்தயத்துக்காக அடைக்கப்படுபவை எவை என்று பாருங்கள். கொடிமரச் சாலை, அண்ணா சாலையின் ஒரு பகுதி, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம். அந்த வட்டத்தின் ஓரத்திலேயே ஓமந்தூரார் அரசினர் தோட்டத்துப் பன்னோக்கு மருத்துவமனை இருக்கிறது. நம் திண்டிவனத்துக்கு அருகிலுள்ள ஓமந்தூரில் பிறந்து சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த இராமசாமி ரெட்டியாரின் நினைவைத் தாங்கும் தோட்டம் அது. நம் மாவட்டத்து ஏழை நோயாளிகளும் கடைசி நம்பிக்கையோடு போய்ச் சேரும் இடங்களில் அதுவும் ஒன்று. சற்றுத் தொலைவில் சென்ட்ரல் ரயில் நிலையமும் அதற்கெதிரே அரசுப் பொது மருத்துவமனையும் இருக்கின்றன. ஆம்புலன்ஸுக்கு வழி விடுவோம் என்று சொல்கிறார்கள். விடட்டும். ஆனால் ஆட்டோவில் வரும் நோயாளி, பேருந்து மாறி வரும் கர்ப்பிணி, இரவுப் பணி முடிந்து நடந்து வரும் துப்புரவுத் தொழிலாளி ஆகியோருக்கு அந்த இரு இரவுகளில் சாலை யாருடையது?

2023 டிசம்பர் 9, 10 தேதிகளில் நடக்கவிருந்த பந்தயம் இது. மிக்ஜாம் புயலும் வெள்ளமும் சென்னையைச் சூழ்ந்ததால் தள்ளி வைக்கப்பட்டது. அந்த வெள்ளத்தில் வீட்டு மாடியில் தண்ணீருக்கும் பாலுக்கும் காத்திருந்த மக்களை நாம் மறந்துவிடவில்லை. 40 கோடி ரூபாய்க்கும் மேலான அரசுப் பணம் இதில் செலவாவது குறித்து உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் நடந்தன. நீதிமன்றம் நிபந்தனைகளுடன் அனுமதித்தது. விளையாட்டால் சுற்றுலா வளரும், முதலீடு வரும், நம் இளைஞர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும் என்பது அரசின் வாதம். அதை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் இரு கேள்விகள் எஞ்சுகின்றன. சென்னைக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் இதற்கென்றே கட்டப்பட்ட ஓடுதளம் பல ஆண்டுகளாக இருக்கிறது. அதற்கு முன் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. பந்தயம் வேண்டுமென்றால் அதற்குரிய இடம் இருக்கும்போது மக்கள் நடக்கும் சாலை ஏன்? பொதுச் சொத்து ஆட்சியாளரின் கையிலிருக்கும் அமானிதம். அதைச் செலவிடும்போது முதலில் நினைவுக்கு வர வேண்டியவர் யார்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மாநில அரசின் எழுத்துப்பூர்வமான அனுமதியின்றிப் பொது இடத்தில் வாகனப் பந்தயம் விடுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதே கடற்கரைப் பகுதியில் நள்ளிரவில் பைக் பந்தயம் விடும் பிள்ளைகளைக் காவல்துறை துரத்திப் பிடிக்கிறது. வாகனத்தைப் பறிமுதல் செய்கிறது, பெற்றோரை வரவழைக்கிறது. பிறகு அதே இடத்தில் விளக்கு கட்டி, வேலி போட்டு, சீட்டு விற்று, வேகத்தைக் கொண்டாடச் சொல்கிறார்கள். அனுமதி என்ற ஒரு தாளின் வேறுபாடு நீதிபதிக்குப் புரியும். 16 வயதுப் பிள்ளைக்குப் புரியுமா? அவன் கண்ணில் பதிவது ஒன்றுதான்: நேற்றுவரை பேருந்து போன சாலையில் இன்று கார் பறக்கிறது, கூட்டம் ஆர்ப்பரிக்கிறது.

‘பார்க்கத்தானே போகிறோம்!’

ஆம், பார்க்கத்தான் போகிறீர்கள். ஆனால் எதைப் பார்ப்பீர்கள்?

அந்த ஓட்டுநரின் உடலில் தீப்பற்றாத அங்கி இருக்கிறது. தலையில் சோதித்துச் சான்றளிக்கப்பட்ட கவசம். கழுத்து ஒடியாமல் காக்கத் தனிப் பட்டை. தலைக்கு மேலே ஹாலோ என்னும் உலோக வளையம். இருக்கையோடு சேர்த்துக் கட்டும் வார்கள். வளைவுதோறும் கொடியோடு நிற்கும் பணியாளர்கள். நொடியில் ஓடிவரக் காத்திருக்கும் மருத்துவர் குழு. எதிரே வண்டி வராது, குறுக்கே மாடு வராது, பள்ளி விட்டுத் திரும்பும் குழந்தை வராது. சிறு வயதிலிருந்தே கார்ட் வண்டியில் பயின்று, உரிமம் பெற்று, படிப்படியாக ஏறி வந்தவர்கள் அவர்கள். இத்தனைக்கும் நடுவில்தான் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுகிறார்கள். மாடத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இந்த ஒழுக்கம் எதுவும் தெரியாது. வேகம் மட்டுமே தெரியும். ஊர் திரும்பும்போது அதை மட்டுமே எடுத்து வருவார்.

இத்தனை பாதுகாப்பும் மரணத்தைத் தடுத்துவிடுவதில்லை. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். பார்வையாளரும் தப்பியதில்லை. 1955-இல் பிரான்சின் லே மான் பந்தயத்தில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து 80-க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் மாண்டார்கள். அதன் பிறகு சுவிட்சர்லாந்து தன் நாட்டில் கார் பந்தயத்தையே தடை செய்தது. அந்த நாட்டினர் நம் ஃபத்வாவைக் கேட்டு முடிவெடுக்கவில்லை. மனித உயிரின் மதிப்பைக் கருதி முடிவெடுத்தார்கள்.

ஓடுதளத்தின் கதை இதுவென்றால், சாலையின் கதை என்ன? 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்று ஒன்றிய அரசின் அறிக்கை கூறுகிறது. தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். அந்த ஆண்டு நாட்டிலேயே மிக அதிகமாக 64,105 விபத்துகள் நடந்த மாநிலம் நம்முடையது. அறிக்கை சுட்டும் காரணங்களில் முதலிடம் அதிவேகத்துக்கு. யூடியூபில் பல லட்சம் இளைஞர்கள் பின்தொடரும் ஒருவர், 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டிக் கீழே விழுந்து கைதானார். அவருடைய ஓட்டுநர் உரிமமும் பறிக்கப்பட்டது. அவரைக் கொண்டாடிய பிள்ளைகளில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலை செஞ்சியின் நடுவே ஓடுகிறது. பௌர்ணமி இரவுகளில் கிரிவலம் செல்லும் மக்களின் பேருந்துகள் வரிசையாக வருகின்றன. அறுவடைக் காலத்தில் வேர்க்கடலை மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் பின்விளக்கு இல்லாமல் ஊர்கின்றன. கூட்டு ரோட்டில் சாலையைக் கடக்க முதியவர்கள் நெடுநேரம் காத்து நிற்கிறார்கள். இந்தச் சாலையில் இஷாவுக்குப் பிறகு, சைலன்ஸரைக் கழற்றிய பைக்கில் மூவர் அமர்ந்து ‘எத்தனை நிமிடத்தில் திண்டிவனம்’ என்று பந்தயம் விடுகிறார்கள். நம் கபர்ஸ்தானில் அண்மை ஆண்டுகளில் தோண்டப்பட்ட குழிகளில், மீசை அரும்பாத பிள்ளைகளுக்காகத் தோண்டப்பட்டவையும் உண்டு. அவர்களில் ஒருவர் நம் மத்ரஸாவில் அம்ம ஜுஸ்உ ஓதிக்கொண்டிருந்தவர். அவருடைய முஸ்ஹஃபில் பாடம் நின்ற பக்கத்தில் வைத்த அடையாளக் கயிறு இன்னும் அப்படியே இருக்கிறது. அந்த ஜுஸ்உவில்தான் ஸூரத்துல் ஆதியாத் வருகிறது. மூச்சிரைக்கப் பாய்ந்தோடும் குதிரைகளின்மீது அல்லாஹ் சத்தியம் செய்யும் ஸூரா அது. வேகத்தைக் கொண்டு தொடங்கும் அந்த ஸூரா, மனிதனின் நன்றிகெட்ட தனத்தைச் சொல்லி, கபுறுகளில் உள்ளவை வெளிப்படுத்தப்படும் நாளை நினைவூட்டி நிறைவுபெறுகிறது.

நபி (ஸல்) அவர்கள் அரஃபாவிலிருந்து திரும்பும்போது, பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் ஓசையையும் கூச்சலையும் கேட்டார்கள். மக்களே, நிதானமாக வாருங்கள், விரைந்து ஓட்டுவதில் புண்ணியம் இல்லை என்ற கருத்தில் சாட்டையால் சைகை செய்து அமைதிப்படுத்தினார்கள். வாழ்நாளின் மிகச் சிறந்த நாளில், மிகச் சிறந்த வணக்கத்தை முடித்துத் திரும்பும் வழியில் இந்த அறிவுரை. இகாமத் சொல்லப்பட்டாலும் தொழுகைக்கு ஓடி வராதீர்கள், அமைதியோடு நடந்து வாருங்கள் என்றார்கள். அல்லாஹ்வின் இல்லத்தை நோக்கியே ஓட வேண்டாம் என்ற நபியின் உம்மத், வேறு எதை நோக்கி இப்படிப் பறக்கிறது?

பெரியவர்களுக்கும் ஒரு சொல்

‘ஹராம்’ என்று உரக்கச் சொன்ன பெரியவர்களே, உங்களிடமும் கேட்க வேண்டியவை உண்டு.

பத்தாம் வகுப்பில் தேறினால் பைக் என்று வாக்களித்தவர் யார்? உரிமம் பெறும் வயது வராத மகன் கையில் சாவியைக் கொடுத்து, கடைத்தெருவில் ‘என் பிள்ளை எப்படி ஓட்டுகிறான் பார்’ என்று பெருமைப்பட்டவர் யார்? 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, சிறுவர் வாகனம் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு அல்லது வாகன உரிமையாளருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சட்டம் அறிந்த பொறுப்பை, ஒவ்வொருவரும் மேய்ப்பரே, தத்தம் பொறுப்பிலுள்ளோரைப் பற்றி விசாரிக்கப்படுவர் என்ற நபிமொழியை மனப்பாடமாகச் சொல்லும் தந்தை அறியாமலிருக்கலாமா?

நிக்காஹ் ஊர்வலத்தில் மாப்பிள்ளை காருக்கு முன்னால் இருபது பைக்குகள் ஒலிப்பானை அலறவிட்டுச் சாலையை அடைக்கும்போது ஜமாஅத் நிர்வாகிகள் எங்கே இருக்கிறார்கள்? ரபீஉல் அவ்வல் மாதம் பிறக்கப்போகிறது. சாலையின் உரிமையைக் கற்பித்த நபியின் பெயரால், தலைக்கவசமின்றிக் கொடியைப் பிடித்துக்கொண்டு, பைக் ஊர்வலம் என்று சாலையை மறிப்பவர்களை எவர் தடுக்கப் போகிறார்? தீவுத்திடலில் இரண்டு இரவுகள் சாலை அடைபடுவதைக் கண்டிக்கும் தகுதி, நம் தெருவில் சாலையை அடைக்காதவருக்கே உண்டு.

என்ன செய்யலாம்?

வேனுக்கு முன்பணம் கொடுத்துவிட்ட தம்பிமார்களே, உங்கள் ஆசையை நாம் பழிக்கவில்லை. இளமை என்பது ஆற்றல். அந்த ஆற்றலுக்கு ஒரு வடிகால் வேண்டும். நம் ஊர் மக்கள் தேசிங்கு ராஜனின் கதையைத் தலைமுறைகளாகப் பாடி வருகிறார்கள். எவரும் அடக்க முடியாத குதிரையை அடக்கியவன் என்பதாலேயே அவன் அக்கதையில் வீரன். அவனுக்குத் தோள்கொடுக்கத் தன் மணக்கோலத்தையும் விட்டு ஓடி வந்த மகபத்கானையும் அதே கதை போற்றுகிறது. குதிரையை ஓடவிட்டவனுக்கு அக்கதையில் இடமில்லை. கடிவாளத்தைப் பிடித்தவனுக்கே இடம். ஆத்திரம் வரும்போது தன்னை அடக்குபவனே வீரன் என்று நபியவர்கள் சொன்னதும் இதைத்தான்.

ஆகவே, முதலில் அந்த 200 ரூபாய்ப் பந்தயத்தை இன்றே கலைத்து, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அது விவாதத்துக்குரியதல்ல, அது சூது. அடுத்து, இந்தப் பயணத்தைக் கைவிடுங்கள். மோட்டார் விளையாட்டின் நுட்பத்தை அறியும் ஆர்வம் உண்மையாகவே இருந்தால், அதற்கென்று கட்டப்பட்ட ஓடுதளத்தில் பகல் நேரத்தில் நடக்கும் போட்டிக்குப் போங்கள். தொழுகை நேரங்களை முதலில் குறித்துவிட்டு மற்றவற்றைத் திட்டமிடுங்கள். ஓட்டுநருக்கு உறக்கம் கிடைக்குமாறு இரவு நீளும் முன் திரும்பிவிடுங்கள். உங்களோடு 18 வயது நிரம்பாத எவரையும் பெற்றோரின் அனுமதியின்றி அழைத்துச் செல்லாதீர்கள். அப்படிப்பட்ட பயணத்தை நாம் தடுக்க மாட்டோம்.

சீட்டுக்கும் வேனுக்கும் உணவுக்கும் என்று ஒவ்வொருவரும் ஒதுக்கிய தொகையில் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள நல்ல தலைக்கவசம் ஒன்று வாங்கலாம். மீதமும் இருக்கும். இளமையை எதில் கழித்தாய், செல்வத்தை எங்கே ஈட்டினாய், எதில் செலவிட்டாய் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் மறுமையில் எவருடைய பாதமும் நகராது. அன்று நீட்டுவதற்கு ஒரு நுழைவுச்சீட்டா, ஓர் உயிரைக் காத்த செயலா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளிடமும் ஒரு வேண்டுகோள். வரும் ஜும்ஆ பயானில் சாலையின் உரிமையைப் பேசச் செய்யுங்கள். பள்ளிவாசல் வாசலிலேயே, உரிமம் இல்லாத பிள்ளைகள் வண்டியில் வருவதை நிறுத்துங்கள். இவ்வாண்டு மீலாது ஊர்வலத்தில் பைக் வேண்டாம் என்று இப்போதே தீர்மானம் எழுதுங்கள்.

அர்ரஹ்மானின் அடியார்கள் பூமியில் பணிவோடு நடப்பார்கள் என்று அல்குர்ஆன் அடையாளம் காட்டுகிறது. லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் சொன்ன அறிவுரையிலும் நடையில் நடுநிலையைக் கடைப்பிடிக்கும்படி கூறினார்கள். நடைக்குச் சொன்னது சக்கரத்துக்கும் பொருந்தும்.

நம் பிள்ளைகளைச் சாலையின் ஆபத்துகளிலிருந்தும், நம் பிள்ளைகளால் நேரும் ஆபத்துகளிலிருந்து சாலையில் செல்வோரையும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.